எக்ஸ்சேஞ்ச் அம்மா அறையில் எரிந்த விளக்கு

அந்தத் தெருவில் அவருக்கு எக்ஸ்சேஞ்ச் அம்மா என்று பெயர். தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் வந்த பெயர். கணவர் உயிரோடு இருந்தவரை அவரையும் எக்ஸ்சேஞ்ச் அம்மா வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்களாம். அதில் அந்த மனிதருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் அங்கே போனேன். படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். நோயாளியின் அறைக்குள் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று எங்கள் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். நினைவில்லாமல் கிடப்பவராக இருந்தாலும் தட்ட வேண்டும். நானும் தட்டினேன்.

"தட்டிட்டு வர்றீங்க. எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு நர்ஸம்மா," என்றார். "இடுப்பு உடைஞ்சா போதும், வீட்டுக் கதவுல தாழ்ப்பாள்னு ஒண்ணு இருக்கறதே எல்லாருக்கும் மறந்துபோயிடுது."

அதன் பிறகு எங்களுக்குள் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. உப்பு குறைத்துச் சமைத்தால் முகம் சுளிப்பார். நடைப் பயிற்சிக்கு எழுப்பினால், "உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா," என்பார். கிடையாது என்று சொல்லி எழுப்பிவிடுவேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல்வரை போய்வர அவருக்கு ஒரு கதை நேரம் ஆகும். அப்படி நடந்தபோது சொன்னவைதான் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை.

அவர் வேலை பார்த்த காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். டிரங்க் கால் என்பார்கள். அம்மா ஒரு பெரிய பலகையின் முன் உட்கார்ந்திருப்பார். பலகை நிறையத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன விளக்கு. விளக்கு எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். ஒரு ஒயரை எடுத்து அந்தத் துளையில் செருகி, என்ன வேண்டுமென்று கேட்டு, இன்னொரு ஒயரால் எதிர்முனையைப் பிடித்து இரண்டையும் சேர்த்துவிட வேண்டும். சேர்த்த பிறகும் பேச்சு நடக்கிறதா, அறுந்துவிட்டதா என்று நடுவில் பார்க்க வேண்டியிருக்கும். அப்படி உள்ளே போகும்போது ஆபரேட்டர் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. "பேசுறீங்களா?" என்று கேட்க வேண்டும். "பேசுறோம்" என்று பதில் வந்தால் அந்த நொடியே வெளியே வந்துவிட வேண்டும். பதில் இல்லையென்றால் லைன் காலி, ஒயரைப் பிடுங்கிவிடலாம்.

"கேட்காம உள்ள போனா?" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"போகலாம். யாருக்கும் தெரியாது. தெரியாதுங்கறதாலதான் கேட்டுட்டுப் போகணும்."

ஆனால் கேட்கக் கூடாது என்று காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாத வேலை அது. லைன் இரைச்சலாக இருந்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நடுவில் இருக்கும் ஆபரேட்டருக்கு மட்டும் இரண்டும் கேட்கும். அப்போது அவர்தான் அங்கே சொன்னதை இங்கே திருப்பிச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்ததையும், ஆள் போய்விட்டதையும், வீட்டை விற்றாயிற்று என்பதையும் அம்மா தன் வாயாலேயே முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். தெரிந்தவர்களுக்கும் சொல்லியிருக்கிறார், பேசுவது தான்தான் என்று அவர்களுக்குத் தெரியாமல். அதற்கென்று ஒரு தனிக் குரல் வைத்திருந்தார். எனக்கு ஒருமுறை பேசிக் காட்டினார். இஸ்திரி போட்டுவைத்த மாதிரி, ஒரு சுருக்கமும் இல்லாத குரல்.

ஒரு கடைக்காரரின் மகனுக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் என்ன நோய் என்று சொன்னார்கள் என்பது, அந்தப் பையனின் தாய்க்குத் தெரிவதற்கு முன்னால் அம்மாவுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அதே தாயோடு குழாயடியில் நின்று தண்ணீர் வராததைப் பற்றி அரட்டை அடித்துவிட்டு வந்தாராம். எந்தக் கடைக்காரர், எந்தக் குழாயடி என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"ஊரே உன் காதுக்குள்ள குடியிருக்கு, எனக்கு ஒரு வம்பு கிடைக்க மாட்டேங்குதே," என்று கணவர் நொந்துகொள்வாராம். கணவர் போன பிறகு அம்மா அந்தக் குறையைத் தீர்க்கத் தொடங்கினார். மத்தியானம் சாப்பிட்ட பின் அலமாரி மேலிருக்கும் கணவரின் படத்தோடு கொஞ்ச நேரம் பேசுவார். அந்த நேரத்தில் நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் போவேன்.

அம்மாவுக்கு ஒரே மகள். வெகு தூரத்தில் வேறு நாட்டில் வேலை. இங்கே நடுப்பகல் என்றால் அங்கே நடுஇரவு. அம்மா குளியலறையில் விழுந்த அன்று யாருக்கும் தெரியாமல் பாதிநாள் ஈரத் தரையில் கிடந்தார் என்பது அந்தப் பெண்ணுக்கு ஆறாத புண். அறுவை சிகிச்சைக்கு வந்து கூடவே இருந்தாள். திரும்பிப் போவதற்கு முன்னால் அம்மாவின் அறையில் ஒரு கேமராவை மாட்டினாள். அலமாரிக்கு மேல், அப்பா படத்துக்குப் பக்கத்தில். கோழிமுட்டை அளவுதான் இருக்கும். வெள்ளை நிறம், நடுவில் ஒரு சின்னப் பச்சை விளக்கு.

"இனிமே நான் அங்கேருந்தே உன்னைப் பார்த்துக்குவேன்மா. நீ பேசுறதும் கேட்கும், நான் பேசுறதும் உனக்குக் கேட்கும்."

அம்மா அந்த விளக்கையே பார்த்தார். "நீ எப்பப் பார்க்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எதுக்குத் தெரியணும்? எப்ப வேணா பார்ப்பேன்."

"விளக்கு எரிஞ்சா நீ வந்திருக்கேன்னு அர்த்தமா?"

"இல்லம்மா. அது எப்பவும் எரியும்."

"எங்க போர்டுல இப்படி எப்பவும் எரியுற விளக்குன்னா ரிப்பேருன்னு ஆளைக் கூப்பிடுவோம்," என்றார் அம்மா. மகள் சிரித்துவிட்டு அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

அவள் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, உடம்பு துடைக்கும் நேரம். அம்மா போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் ஒரு துண்டை எடுத்துக் கேமரா மேல் போட்டேன். துடைத்து முடிப்பதற்குள் என் போன் அடித்தது.

"அக்கா, கேமராவை யாரோ மூடிட்டாங்கன்னு மெசேஜ் வந்துச்சு. என்ன ஆச்சு?"

"நான்தான் மூடினேன். உங்கம்மாவுக்கு உடம்பு துடைக்கறேன்."

"நான் பொண்ணுதானே அக்கா?"

"பொண்ணுதான். இங்க இருந்தீங்கன்னா ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லுவேன். பிடிக்காத ஆளுக்குப் பார்க்கிற வேலை எதுக்கு?"

"சரிக்கா, துடைக்கும்போது மூடிக்கோங்க," என்றாள். நல்ல பெண். அவளுடைய பயம் என்னவென்று எனக்கும் தெரியும். பாதிநாள் ஈரத்தில் கிடந்த தாயை நினைத்து அங்கே தூங்காமல் கிடக்கிறவள்.

ஆனால் துண்டு துடைக்கும் நேரத்துக்கு மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் விளக்கு எரிந்தது. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். வானொலிச் செய்தி வாசிப்பவரைத் திட்டுவது நின்றது. உப்பு இல்லையென்று முகம் சுளிப்பதுகூட நின்றது. சாப்பாட்டைத் தொண்டையில் இறக்கிவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கிடப்பார். மத்தியானத்தில் கணவர் படத்தைப் பார்ப்பார், பக்கத்தில் இருக்கும் விளக்கைப் பார்ப்பார், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிறகு ஒருநாள் நான் கதவைச் சாத்தப் போனபோது, அவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தச் சுருக்கமில்லாத குரலில், கேமராவைப் பார்த்துக் கேட்டார்:

"பேசுறீங்களா?"

காத்திருந்தார். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். பதில் இல்லை.

"லைன் காலி," என்று என்னிடம் சொன்னார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. "நீங்க போய்ப் பாத்திரம் கழுவுங்க நர்ஸம்மா."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. மகள் பார்த்துக்கொண்டிருந்தால், தாய் கேட்கும்போது இருக்கிறேன் என்று சொல்லியிருப்பாள். அன்றிலிருந்து அறைக்குள் மறுபடி பேச்சுச் சத்தம் வந்தது. உப்புச் சண்டையும் திரும்பி வந்தது.

சில வாரம் போனது. ஒரு சாயங்காலம் அம்மாவின் நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. வாயாடி. வந்தாலே அண்ணியின் பழைய வேலையை ஒரு இழுப்பு இழுக்காமல் போகமாட்டாள். எக்ஸ்சேஞ்ச்காரிகளைப் போலத் திமிர் பிடித்தவர்கள் உலகத்தில் கிடையாது, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள் என்பது அவள் கட்சி. அம்மா பதில் சொல்லாமல் சிரிப்பார்.

அன்றைக்கு அவள் சத்தமில்லாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் டீ கொடுத்தேன். தொடவில்லை.

"அண்ணி," என்றாள். "என் மருமக இன்னைக்கு என்னைக் கேட்கறா. அத்தை, உங்களைக் காத்திருக்க வேண்டாம்னு சொன்ன அந்த டிரங்க் கால் ஆளு யாரு அத்தைன்னு."

அம்மாவின் கை போர்வை மேல் அப்படியே நின்றது.

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். நீங்க அண்ணன் போட்டோகிட்ட பேசிட்டு இருக்கீங்க. உங்க பொண்ணு அதைக் குடும்ப குரூப்ல போட்டிருக்கா. அம்மாவுக்குப் புத்தி தடுமாறுது, என்ன செய்யலாம்னு கேட்டு. முதல்ல நீங்க யாரையோ பேசுறீங்களா பேசுறீங்களான்னு கேட்கறீங்க. அப்புறம் அண்ணன்கிட்ட என் கதையைச் சொல்றீங்க. அதை அவ கடைசிவரைக்கும் கேட்டாளோ இல்லையோ, மத்தவங்க கேட்டிருக்காங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கேமரா பார்ப்பதோடு நிற்பதில்லை, பார்த்ததை எங்கேயோ சேர்த்தும் வைக்கிறது. மகள் தூங்கும்போது நடந்ததை விழித்த பிறகு பார்த்திருக்கிறாள். அம்மா பேசுறீங்களா என்று கேட்ட நேரத்தில் உண்மையிலேயே அங்கே யாரும் இல்லை. யாரும் இல்லாததால்தான் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

அம்மா என்னைப் பார்த்தார். "பதில் சொல்லாமக் கேட்டுக்கிட்டு இருந்தாளா?"

"இல்லம்மா. மெஷின் பிடிச்சு வச்சிருக்கு. அப்புறமாப் பார்த்திருக்காங்க."

அம்மா நாத்தனாரின் பக்கம் திரும்பினார். "நான் உங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. அவர் அன்னைக்கு என்கிட்ட எவ்வளவோ கேட்டாரு. தங்கச்சி ஏன் சாப்பிடாமப் படுத்திருக்கா, என்ன நடந்துச்சுன்னு. தெரியாதுன்னுட்டேன். அதுக்கப்புறம் அவரு கேட்கலை. அந்தக் கேள்வி மட்டும் பாக்கியா நின்னுபோச்சு. போன மனுஷன்தானே, சொல்லிடலாம்னு சொன்னேன்."

நாத்தனார் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு லைன்ல ஒரே இரைச்சல்," என்றாள். "என்னைக் கட்டிக்கறேன்னு சொல்லியிருந்தவர் பேசறது எனக்குக் கேட்கவே இல்ல. நடுவுல ஒரு பொம்பளைதான் சொன்னா. 'அவர் வர முடியாதுன்னு சொல்றார். உங்களைக் காத்திருக்க வேண்டாம்னு சொல்றார்.' ரெண்டு தரம் சொன்னா. முதல் தரம் எனக்குப் புரியலை. அந்தப் பொம்பளையை நான் இத்தனை வருஷமாத் திட்டிக்கிட்டு இருக்கேன் அண்ணி."

"தெரியும். என் எதிர்லதானே திட்டினே."

"நீங்கன்னு ஏன் சொல்லலை?"

"சொன்னா, நான் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு அது ஞாபகம் வரும். என்கூட ஒரே வீட்ல சாப்பிடணுமே நீ."

நாத்தனார், "அன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்து, சாப்பாட்டைத் தட்டுல போட்டு என் கதவுகிட்ட வச்சிட்டுப் போனீங்க. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்கலை. நான்கூட, அண்ணிக்கு நம்ம மேல அக்கறையே இல்லைன்னு நினைச்சேன்," என்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டு டீயை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. "நர்ஸம்மா, இதுல சர்க்கரையே இல்ல," என்று என் மேல் பாய்ந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவள் போன பிறகு அம்மா துண்டைக் கேட்டார். கேமரா மேல் போடச் சொன்னார். போட்டேன். சிறிது நேரத்தில் போன் அடித்தது.

"நல்லதாப் போச்சு, நீங்களே கூப்பிட்டீங்க," என்றேன். "உங்கம்மாவுக்குப் புத்தி தடுமாறலை. யாராவது கேட்டுக்கிட்டு இருக்காங்களான்னு கேட்டுட்டுத்தான் உங்கப்பாகிட்டப் பேசறாங்க. நானும் என் வீட்டுக்காரர்கிட்டப் பேசறேன். உயிரோட இருக்காரு, அவரும் பதில் சொல்றதில்ல."

மகள் சிரிக்கவில்லை. மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அம்மாவுக்கு இடம் பேசிவிட்டதாகவும், அடுத்த வாரம் வருவதாகவும் சொன்னாள். அங்கே எல்லா அறையிலும் கேமரா உண்டு, இருபத்துநாலு மணி நேரமும் ஆள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று ஆறுதலாக வேறு சொன்னாள்.

அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "என் ரூம்ல என்னை விட்டா போதும் நர்ஸம்மா," என்றார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மகள் வந்தாள். வந்ததும் தாயை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மருத்துவர் வயதான பெண், அவசரப்படாதவர். படம் வரையச் சொன்னார், வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மறதி ஆரம்பித்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை, மெதுவாகக் கூடும் என்றார். ஆனால் படத்தோடு பேசுவது நோயில்லை, வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வது இப்போதைக்குப் போதும் என்றார். இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. மகள் முகத்தில் முடிவு எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிலில் சாய்த்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார், அதனால் நின்றேன்.

"நான் கேட்டேனேடி, பேசுறீங்களான்னு."

"நான் அப்பத் தூங்கிட்டு இருந்தேம்மா. அது தானாப் பதிவாயிருக்கு."

"அது எங்க இருக்கு இப்ப?"

"அந்தக் கம்பெனியோட கம்ப்யூட்டர்ல."

"அவங்களும் கேட்பாங்களா?"

மகள் யோசித்தாள். "தெரியலம்மா. சம்மதமான்னு பக்கம் பக்கமா வந்துச்சு. சம்மதம்னு அமுக்கினேன். யாரும்மா அதையெல்லாம் படிக்கறாங்க?"

"யாரு சம்மதம்?"

"என்னோட சம்மதம்." சற்று நிறுத்தி, "உனக்காக," என்றாள்.

"என்னைக் கேட்டியா?"

மகள் அழத் தொடங்கினாள். "நீ கீழ விழுந்து கிடந்தியேம்மா. பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சு வந்தப்ப உன் உதடெல்லாம் நீலமா இருந்துச்சுன்னாங்க. அன்னைக்கு நான் ஆபீஸ்ல பிறந்தநாள் கேக் வெட்டிட்டு இருந்தேன். அதை நினைச்சா எனக்கு இப்பவும் சோறு இறங்க மாட்டேங்குது. உன்னைப் பார்த்தாதான் நான் தூங்கறேன்."

அம்மா மகள் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். இடுப்பு வலிக்கும் என்று நான் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

"பாரு," என்றார் பிறகு. "நீ பார்க்க வேண்டாம்னு நான் சொல்லலை. உன்னைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனா குரல் கொடுத்துட்டு வா. நான் சரின்னா உள்ள வா. அப்பாகிட்டப் பேசிட்டு இருந்தா அப்புறமா வா. பிடிச்சு வைக்காதே."

"நீ விழுந்து கிடந்தா? பதில் சொல்ல முடியாமக் கிடந்தா?"

மகள் கேட்டதும் நியாயம்தான். அதற்கு நான் நடுவில் புகுந்தேன். "கூப்பிட்டும் பதில் வரலைன்னா என் போனுக்குக் கூப்பிடுங்க. நான் வீட்டுக்குப் போயிருந்தா உங்க அத்தையைக் கூப்பிடுங்க. யாரும் எடுக்கலைன்னா பக்கத்து வீட்டுக்காரங்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க, யாரும் தப்புச் சொல்ல மாட்டாங்க. ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். கதவைத் தட்டுவோம், பதில் இல்லைன்னா திறப்போம். தட்டாமத் திறக்க மாட்டோம்."

மகள் அம்மா மடியில் முகத்தை வைத்தபடியே தலையாட்டினாள். இல்லத்துக்குப் போன் செய்து இடம் வேண்டாமென்று சொன்னது மறுநாள் காலையில். ராத்திரி முழுக்க யோசித்திருப்பாள் போல, கண் வீங்கியிருந்தது.

கேமராவில் பதிவு செய்வதை நிறுத்தி, அதுவரை சேர்ந்திருந்ததையும் அழித்தாள். கம்பெனி கம்ப்யூட்டரிலும் அழிந்ததா என்று கேட்டு எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள், விடவில்லை. கடைசியில் அழித்துவிட்டோம் என்று ஒருவர் எழுதினார். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

குடும்ப குரூப்பிலிருந்தும் அந்த வீடியோவை எடுத்தாள். ஆனால் அதற்குள் ஆளாளுக்கு எடுத்துவைத்துக்கொண்டு விட்டார்கள். அந்த வேலையை நாத்தனார் தன் தலையில் போட்டுக்கொண்டாள். உறவுக்காரர்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் நேரில் போனாள். உட்கார்ந்து, டீ குடித்து, குழந்தை குட்டிகளை விசாரித்து, கிளம்பும்போது, "போனைக் கொடு," என்பாள். வீடியோ இருக்கிறதா என்று தேடி, தன் கண்ணெதிரே அழிக்க வைப்பாள். அவளுக்குப் போனில் தேடத் தெரியாது. பெயரனைக் கூட்டிப்போனால் அவனும் பார்த்துவிடுவான் என்று, அதற்காகவே மருமகளிடம் கற்றுக்கொண்டாள்.

ஒரு வீட்டில் மருமகன் முறையுள்ளவன், "சும்மா தமாஷுக்கு வச்சிருந்தேன் அத்தை," என்றானாம்.

"உன் பொண்டாட்டிக்கு நீ எழுதினதையெல்லாம் கொஞ்சம் காட்டு, நானும் தமாஷாப் படிக்கறேன்," என்றாளாம் இவள். அவன் மறுபேச்சில்லாமல் அழித்துவிட்டு, நாத்தனாரை வாசல்வரை வந்து வழியனுப்பினானாம்.

இதையெல்லாம் அண்ணியிடம் வந்து ஒப்பிப்பாள். ஒருநாள் தயங்கித் தயங்கி, "அன்னைக்கு அவர் இன்னும் என்னமாவது சொன்னாரா அண்ணி? எனக்குக் கேட்காதது ஏதாவது," என்று கேட்டாள்.

அம்மா சொன்னார். "அழுதார்மா. அதை எப்படித் திருப்பிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வழக்கம் இதுதான். கேமரா மேல் எப்போதும் துண்டு கிடக்கும். மகள் அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவாள்: "அம்மா, வரலாமா?" அம்மாவுக்கு உடனே சரியென்று சொல்லிப் பழக்கமில்லை. "லைன்ல இருங்க," என்பார். தலைமுடியை ஒதுக்கிக்கொள்வார், போர்வையைச் சரிசெய்வார். எனக்குக் கண்ணைக் காட்டுவார். நான் துண்டை எடுப்பேன். "பேசுங்க," என்பார். அந்தப் பக்கம் மகள் காபியும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்கள். பேச ஒன்றும் இல்லாத நாளில் சும்மா இருப்பார்கள்.

மருத்துவர் சொன்னபடியே மறதி கூடியது. முதலில் என் பெயர் போனது, பிறகு நாள் கிழமை, பிறகு கூட்டல் கழித்தல். நாத்தனார் வந்தால் யாரோ நல்ல மனுஷி என்கிற அளவுக்குத் தெரியும். கடைசியில் மகளின் பெயரும் முகமும் போய்விட்டன. துடைக்கும்போது போர்வையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அப்போது நான் மகளிடம் சொன்னேன், சொல்லவேண்டியது என் கடமை என்பதால். "இனிமே நீங்க கேட்காமப் பார்த்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. வேணும்னா துண்டை எடுத்துடறேன்."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியுது அக்கா," என்றாள் அவள். "துண்டு இருக்கட்டும்."

தினமும் அதே நேரத்தில் அந்தக் குரல் வரும். வரலாமா என்று கேட்கும். குரல் யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் பதில் மட்டும் தவறாது. "லைன்ல இருங்க," என்று சொல்லி, கையால் தலைமுடியைத் தேடுவார். நான் ஒதுக்கிவிடுவேன்.

ஒரு மத்தியானம் அம்மா கணவர் படத்தோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வார்த்தைகள் பாதி பாதியாகத்தான் வரும். கதை யாரைப் பற்றியது என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. நடுவில் மகளின் குரல் கேட்டது. அவளுக்கு அது தூங்கும் நேரம். தூக்கம் வரவில்லை போலிருக்கிறது.

"அம்மா, வரலாமா?"

அம்மா பேச்சை நிறுத்தினார். தலையைத் திருப்பாமல், சுருக்கமில்லாத அந்தக் குரலில் சொன்னார்:

"இப்ப முடியாதுங்க. பேசிட்டு இருக்காங்க."

நான் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரிங்க," என்றாள் மகள். "அப்புறமாக் கூப்பிடறேன்."

அம்மா மறுபடி படத்தின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.